போடு: ஒரு தமிழ் வினையும் ஆங்கில வகுப்பறையும்

நாமக்கல் பண்ணையில் கோழி முட்டை போடுகிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஊர் ஊராகப் போய் போர் போடுகிறது. லாரி ஓட்டுநர் டீசல் போடுகிறார், பிரேக் போடுகிறார், ரசீதில் கையெழுத்துப் போடுகிறார், கடைக்காரர் போட்டுத் தரும் டீயைக் குடிக்கிறார். இத்தனைக்கும் தமிழுக்கு ஒரே வினை போதும். ஆங்கிலமோ முட்டைக்கு லே, போருக்கு ட்ரில், பிரேக்குக்கு அப்ளை, டீக்கு மேக் என்று வினையை மாற்றிக்கொண்டே போகிறது. டீசலுக்குப் புட் ஒருவாறு பொருந்தும். கையெழுத்துக்குப் பெயர்ச்சொல்லே வேண்டாம், சைன் என்ற வினை போதும். இவற்றுள் பல, பள்ளி இறுதி வகுப்பை எட்டிய மாணவர் தனித்தனியே அறிந்த சொற்கள்தாம். அவர் தடுமாறுவது சொல்லில் அன்று, சேர்க்கையில். இந்தச் சேர்க்கைகளைத் தமிழை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கற்பிப்பது வீண் உழைப்பு. தமிழோடு ஒப்பிட்டு, இரு மொழிகளும் பிரியும் இடங்களில் மட்டும் நேரத்தைச் செலவிடுவதே சேலம், நாமக்கல் சமவெளிப் பள்ளிகளுக்கு ஏற்ற வழி என்பது இக்கட்டுரையின் வாதம்.

சொற்சேர்க்கையை ஆங்கிலக் கல்வியின் தனிப் பொருளாக எடுத்துக்கொண்ட முன்னோடி ஹெரால்டு பால்மர். டோக்கியோவிலிருந்து 1933இல் அவர் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய தொடர்களைப் பிரிக்காமல் முழுமையாகவே கற்க வேண்டும் என்றது. நம் பகுதியின் மரபு வேறு திசையில் போனது. ராஜாஜி முதலானோர் 1916இல் சேலத்தில் தொடங்கிய தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் அறிவியல் சொற்களுக்குத் தமிழ் இணை தேடியது. கலைச்சொல் பெரும்பாலும் பெயர்ச்சொல் என்பதால், அந்தப் பணிக்கு ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்ற முறை சரியானதே. அதே முறை அர்த்தம் எழுதும் நோட்டாகப் பள்ளிக்குள் நிலைத்தபோதுதான் சிக்கல். மிஸ்டேக் என்றால் தவறு என்று எழுதிக்கொள்ளும் மாணவர் அதற்குரிய வினையை எங்கும் எழுதிக்கொள்வதில்லை. அதைத் தமிழிலிருந்து எடுத்துக்கொள்கிறார். இது தமிழருக்கு மட்டும் உரிய குறையும் அன்று. ஜெர்மன் மொழி பேசும், ஆங்கிலத்தில் தேர்ந்த நிலையை எட்டிய மாணவர்களின் கட்டுரைகளை ஆராய்ந்து நாட்யா நெசல்ஹாஃப் 2003இல் வெளியிட்ட ஆய்வு, பெயர்-வினைச் சேர்க்கைகளில் தாய்மொழியின் செல்வாக்கு அதுவரை எண்ணியதைவிட மிகப் பெரிது என்று கண்டது. ஆங்கிலத்துக்கு உறவான மொழியைப் பேசுவோருக்கே இந்த நிலை.

ஒப்பிட்டுப் பார்த்தால் சுமை குறையும் இடங்களும் உண்டு. போட்டோ, நோட்ஸ், லீவு, ஓய்வு, நடவடிக்கை ஆகிய அனைத்துக்கும் நாம் 'எடு' என்கிறோம்; ஆங்கிலம் டேக் என்கிறது. (இந்த ஒற்றுமையில் ஒரு பங்கு, ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ் பழகிக்கொண்டது.) இங்கே பாடமே தேவையில்லை. 'செய்', 'பண்ணு' என்பவைதாம் உண்மையான களம்: தவறு, முயற்சி, ஏற்பாடு என்பவை மேக் பக்கம் போக, வீட்டுப்பாடம், ஆராய்ச்சி, உடற்பயிற்சி என்பவை டூ பக்கம் போகின்றன. மூன்றாவது வகையில் ஆங்கிலம் சேர்க்கையையே கைவிடுகிறது. மூச்சு விடு, கொட்டாவி விடு, குறட்டை விடு என்னும் மூன்றும் அங்கே மூன்று தனி வினைகள். இந்தப் பாகுபாட்டுக்கான அடித்தளம் ஏற்கெனவே வகுப்பறையில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் கூட்டுவினை என்ற தலைப்பில் தந்தியடி, ஆணையிடு, கேள்விப்படு போன்றவற்றை விளக்குகிறது. பெயரோடு சேரும்போது வினை தன் சொந்தப் பொருளை இழக்கும் என்பதை மாணவர் அங்கே புரிந்துகொள்கிறார். தந்தியடித்த காலத்திலும் தந்தியை யாரும் அடித்ததில்லை. அடுத்த பாடவேளையில் வரும் ஆங்கில ஆசிரியர் அதைத் தொடாமல் விடுவது விந்தைதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆங்கிலச் சூழலில் மூழ்கினால் சேர்க்கை தானே படியும் என்பர். நாமக்கல், ராசிபுரம் வட்டாரங்களின் விடுதிப் பள்ளிகளை நோக்கிப் பெற்றோரை இழுத்ததில் இந்த நம்பிக்கைக்கும் பங்குண்டு. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய பெங்களூர்த் திட்டம் என்ற ஆங்கிலக் கற்பித்தல் சோதனையையும் அவர்கள் துணைக்கு அழைக்கலாம். பொருளில் கவனம் குவிந்தால் மொழி வடிவம் உள்ளுக்குள் உருவாகும் என்றது அது. ஆனால் பிரபு கருதியது இலக்கண அமைப்பை. இலக்கணத்தில் விதி உண்டு. பல எடுத்துக்காட்டுகளிலிருந்து மனம் அதைப் பிழிந்துகொள்ளும். மிஸ்டேக் மேக் பக்கமும் ஹோம்வொர்க் டூ பக்கமும் நிற்பதற்கு அப்படி நம்பத்தக்க விதி ஏதுமில்லை. ஒவ்வொன்றையும் கண்டு பழக வேண்டும். விடுதியில் காதில் விழும் ஆங்கிலமோ பெரும்பாலும் தமிழரின் ஆங்கிலம். டூ எ மிஸ்டேக் என்று ஒருவர் சொன்னால் மற்றவருக்குப் பொருள் உடனே விளங்கிவிடுகிறது. விளங்கிவிடுவதாலேயே திருத்தம் வருவதில்லை. தமிழைப் பேசினால் மொழிபெயர்க்கும் பழக்கம் வளரும் என்ற அச்சத்துக்கும் விடை உண்டு. தமிழில் பேசத் தடையுள்ள வகுப்பிலும் மொழிபெயர்ப்பு நடக்கிறது, ஆசிரியர் கண்ணுக்குத் தெரியாமல்.

இந்திய ஆங்கிலத்துக்கும் தனி உரிமை உண்டே என்பாருக்குப் பாதி இணங்கலாம். ரைட் அன் எக்ஸாம் என்பது பரீட்சை எழுதுவதன் சாயல்தான். ஆயினும் இந்திய நாளேடுகள் அதைத் தயங்காமல் அச்சிடுகின்றன, கனடாவிலும் அவ்வாறே சொல்கிறார்கள். ஆசிரியர் வகுப்பை டேக் செய்வதும் இத்தகையதே. இவற்றைப் பிழைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, வெளிநாட்டுத் தேர்வுக்குப் போவோருக்கு மட்டும் மாற்று வடிவத்தைச் சொன்னால் போதும். படித்த இந்தியர் பார்த்துத் திருத்திய அச்சில் நிலைத்ததா என்பதே இங்கு உரைகல். அந்த உரைகல்லில் டூ எ மிஸ்டேக் தேறாது. கோழி முட்டையைப் புட் செய்வதும் தேறாது.