பனி ஊர்தியும் ஸ்னோ பைக்கும்: ஒரு வரலாற்று ஒப்பீடு

அறிமுகம்

பனி மூடிய நிலத்தில் ஓட்டுவதற்கென இன்று இரு வகைச் சிறு ஊர்திகள் வட அமெரிக்காவில் பயன்படுகின்றன. முதலாவது ஸ்னோமொபைல் எனப்படும் பனி ஊர்தி. இதன் முன்புறத்தில் இரண்டு சறுக்குப் பலகைகளும் பின்புறத்தில் அகன்ற ரப்பர் பட்டையும் இருக்கும். இரண்டாவது ஸ்னோ பைக். கரடுமுரடான பாதைகளில் ஓட்டும் டர்ட் பைக்கின் இரண்டு சக்கரங்களையும் கழற்றிவிட்டு, முன்னால் ஒரே ஒரு சறுக்குப் பலகையையும் பின்னால் ஒடுக்கமான ரப்பர் பட்டையையும் பொருத்தினால் அது ஸ்னோ பைக் ஆகிறது.

பனி ஊர்திக்கு ஏறத்தாழ நூறு ஆண்டு வரலாறு உண்டு. ஸ்னோ பைக் பரவலாக அறியப்பட்டது 2010க்குப் பிறகுதான். இவற்றில் எது சிறந்தது என்ற விவாதத்தில் எடை, வேகம், விலை ஆகியவையே பெரும்பாலும் பேசப்படுகின்றன. ஆனால் இரண்டும் எந்தத் தேவையிலிருந்து பிறந்தன என்று பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாக விளங்கும். பனி ஊர்தி பிறரையும் பொருளையும் ஏற்றிச் செல்வதற்காகப் பிறந்தது. ஸ்னோ பைக் தன்னை ஓட்டுபவரை மட்டும் சுமப்பதற்காகப் பிறந்தது. இக்கட்டுரை அந்த வேறுபாட்டை வரலாற்றின் வழியே விளக்குகிறது.

பனியில் சக்கரம் புதைவது ஏன்?

புதிதாகப் பெய்த பனியின் பெரும்பகுதி காற்றுதான். அதன் மேல் கனமான பொருள் சிறிய பரப்பில் அழுத்தினால் உடனே உள்ளே இறங்கிவிடும். மோட்டார் சைக்கிளின் சக்கரம் தரையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவே என்பதால், ஆழமான பனியில் அது சுழன்று சுழன்று குழி பறிக்குமே தவிர முன்னேறாது. அதே எடையை நீண்ட, அகன்ற பரப்பில் பரப்பிவிட்டால் ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் விழும் அழுத்தம் குறைந்து ஊர்தி பனியின் மேலேயே நிற்கும். சறுக்குப் பலகையும் ரப்பர் பட்டையும் செய்யும் வேலை இதுவே. பட்டையின் வெளிப்புறத்தில் வரிசையாக உள்ள ரப்பர் மடல்கள் துடுப்புகளைப் போலப் பனியைப் பின்னால் தள்ளி ஊர்தியை முன்னே செலுத்துகின்றன.

தொடக்க முயற்சிகள்

ரஷ்யாவில் இரண்டாம் நிக்கோலஸ் மன்னரின் கார்களைப் பராமரித்துவந்த பிரெஞ்சுப் பொறியாளர் அடால்ஃப் கெக்ரெஸ், முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் காரின் பின்சக்கரங்களுக்குப் பதிலாக நெகிழும் பட்டையைப் பொருத்திப் பனியில் ஓடச் செய்தார். பின்னர் பிரான்சில் சித்ரோயன் நிறுவனம் இம்முறையைத் தன் வண்டிகளில் பயன்படுத்தியது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சேனர் என்னும் சிற்றூரில் கடை நடத்திவந்த கார்ல் எலியாசன், 1924இல் ஒரு சறுக்கு வண்டியில் படகு இயந்திரத்தைப் பொருத்தினார். கால் குறைபாடு காரணமாக, பனிக்காலத்தில் வேட்டைக்குச் செல்லும் நண்பர்களுக்கு ஈடாக அவரால் நடக்க முடியவில்லை. அக்குறையைப் போக்கவே அவர் இதை உருவாக்கினார். 1927இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றைய பனி ஊர்தியின் அடிப்படை வடிவம் அவருடைய வண்டியிலேயே காணப்படுகிறது.

வால்கோர்ட்டில் நேர்ந்த இழப்பு

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள வால்கோர்ட் ஊரில் 1907இல் பிறந்தவர் ஜோசஃப்-அர்மான் பொம்பார்டியே. அவர் 15 வயதிலேயே, ஃபோர்டு மாடல் டி காரின் இயந்திரத்தையும் விமானத்தில் உள்ளதைப் போன்ற விசிறியையும் இணைத்துப் பனியில் ஓடும் வண்டி ஒன்றைச் செய்தார். பின்னர் சொந்த ஊரில் வாகனப் பழுது நீக்கும் பட்டறை தொடங்கி, பனிக்காலங்களில் தன் ஆய்வுகளைத் தொடர்ந்தார்.

அக்காலத்தில் கியூபெக்கின் நாட்டுப்புறச் சாலைகளில் பனியை அகற்றும் ஏற்பாடு இல்லை. குளிர்காலம் வந்துவிட்டால் கார்களை ஓட்ட முடியாது. குதிரை பூட்டிய சறுக்கு வண்டிகளே போக்குவரத்து. 1934ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பொம்பார்டியேவின் இரண்டு வயது மகன் குடல்வால் அழற்சியால் பாதிக்கப்பட்டான். மருத்துவமனை இருந்தது ஷெர்புரூக் நகரில். சாலை முழுவதும் பனியில் புதைந்து கிடந்தது. தந்தை செய்துகொண்டிருந்த பனி வண்டி அப்போது ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்துபோனான்.

அடுத்த ஆண்டே பொம்பார்டியே தன் முயற்சியில் வெற்றி கண்டார். ரப்பர் உறையிட்ட பற்சக்கரமும் அதைச் சுற்றி ஓடும் பட்டையும் கொண்ட அமைப்பை அவர் 1935இல் உருவாக்கினார்; 1937இல் காப்புரிமை பெற்றார். அதே காலத்தில் ஏழு பேர் அமரக்கூடிய பி7 என்னும் மூடிய வண்டி விற்பனைக்கு வந்தது. 1942இல் நிறுவனம் முறையாகத் தொடங்கப்பட்டு, பன்னிரண்டு பேர் அமரும் பி12 வெளிவந்தது. மருத்துவர்களும் அஞ்சல் ஊழியர்களும் பாதிரியார்களும் இவ்வண்டிகளில் சென்றனர். ஆம்புலன்சாகவும் பள்ளிப் பேருந்தாகவும் அவை ஓடின.

தனி ஊர்தியாகச் சுருங்கியது

1948இல் கியூபெக் அரசு நாட்டுப்புறச் சாலைகளிலும் பனியை அகற்ற வேண்டும் எனச் சட்டம் இயற்றியதும் பெரிய பனி வண்டிகளின் தேவை குறைந்தது. பொம்பார்டியே வேறு வகை வண்டிகளில் கவனம் செலுத்தினார். ஒருவரோ இருவரோ செல்லக்கூடிய சிறிய வண்டி என்னும் பழைய கனவை நிறைவேற்ற, எடை குறைந்த இயந்திரமும் இணைப்பில்லாத அகன்ற ரப்பர் பட்டையும் கிடைக்க வேண்டியிருந்தது. பட்டையை உருவாக்கும் பணியில் அவருடைய மூத்த மகன் ஜெர்மேன் முக்கியப் பங்காற்றினார். 1959இல் 7 குதிரைத்திறன் இயந்திரத்துடன் ஸ்கி-டூ வெளிவந்தது. நாய்கள் இழுக்கும் வண்டிக்கு மாற்று என்னும் பொருளில் முதலில் ‘ஸ்கி-டாக்’ என்றே பெயர் வைக்க எண்ணியிருந்தனர். வடக்கு ஒன்டாரியோவில் பழங்குடி மக்களிடையே பணியாற்றிய பாதிரியார் மோரிஸ் உயிமே அதன் தொடக்கச் சோதனைகளில் பங்கு கொண்டார்.

இதற்குச் சற்று முன்பே, 1956இல், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ரோசோ ஊரில் வேளாண் கருவிகள் செய்துவந்த ஒரு பட்டறை தன் முதல் பனி ஊர்தியை உருவாக்கியிருந்தது. அதுவே பின்னர் போலாரிஸ் நிறுவனம் ஆனது. அதன் நிறுவனர்களில் ஒருவரான எட்கர் ஹெட்டீன், 1960இல் அலாஸ்காவின் பெத்தெல் முதல் ஃபேர்பேங்க்ஸ் வரை ஆயிரம் மைலுக்கும் மேல் பனி ஊர்தியில் பயணம் செய்து அதன் உறுதியை மெய்ப்பித்தார். 1968 ஏப்ரலில் ரால்ஃப் பிளேஸ்டெட் தலைமையிலான குழு ஸ்கி-டூ ஊர்திகளில் வட துருவத்தை அடைந்தது. அமெரிக்க விமானப்படையின் விமானம் ஒன்று அவர்கள் நின்ற இடத்தை உறுதி செய்தது.

வடகோடி மக்களின் வாழ்வில்

பின்லாந்தின் வடகோடியில் செவெட்டியார்வி பகுதியில் வாழும் ஸ்கோல்ட் சாமி மக்கள் துருவமான் மேய்ப்பவர்கள். 1960களின் தொடக்கத்தில் அங்கு வந்த பனி ஊர்தி சில ஆண்டுகளிலேயே சறுக்குப் பலகைகளையும் இழுவை மான்களையும் பின்னுக்குத் தள்ளியது. மானுடவியலாளர் பெர்ட்டி பெல்டோ இம்மாற்றத்தை ஆராய்ந்து 1973இல் ஒரு நூலாக வெளியிட்டார். நாள்கணக்கில் ஆன பயணம் மணிக்கணக்கில் முடிந்தது. ஆனால் ஊர்தி, எரிபொருள், உதிரிபாகம் ஆகியவற்றை வாங்கப் பணம் தேவைப்பட்டது. பணம் இல்லாத குடும்பங்கள் மேய்ச்சல் தொழிலிலிருந்தே விலக நேர்ந்தது. கனடாவின் இனுயிட் மக்களிடையேயும் நாய் வண்டிகளின் இடத்தைப் பனி ஊர்தி பிடித்தது. இழுத்துச் செல்லும் ஆற்றல் இருந்ததால்தான் அது இம்மக்களின் அன்றாட வாழ்வுக்குள் இவ்வளவு விரைவாக நுழைந்தது.

ஸ்னோ பைக்கின் தோற்றம்

மோட்டார் சைக்கிளையும் பட்டையையும் இணைக்கும் எண்ணம் புதியதன்று. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனம் தயாரித்த கெட்டன்கிராட், முன்னால் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியும் சக்கரமும், பின்னால் இரண்டு பட்டைகளும் கொண்டது. சேற்றிலும் பனியிலும் சுமைகளை இழுக்க அது பயன்பட்டது. 1970களின் இறுதியில் கிரைஸ்லர் நிறுவனம் ஸ்னோ-ரன்னர் என்னும் சிறிய, ஒடுக்கமான பனி வண்டியை விற்றது. அதன் இயந்திர ஆற்றல் மிகக் குறைவு, அது நீடிக்கவில்லை.

டர்ட் பைக்கை மாற்றும் இன்றைய முறை 2000களில் உருப்பெற்றது. வெர்னல் ஃபோர்ப்ஸ் உருவாக்கிய டூமோட்டோ மாற்று அமைப்பு இதில் முன்னோடி. அதன்பின் ஐடஹோ மாநிலத்தின் சாண்ட்பாயின்ட் ஊரில் ஆலன் மங்கம் நடத்திய டிம்பர்ஸ்லெட் நிறுவனத்தின் மாற்று அமைப்புகள் மலைப்பகுதி ஓட்டுநர்களிடையே பரவின. 2015இல் பனி ஊர்தி தயாரிப்பாளரான போலாரிஸ் நிறுவனமே டிம்பர்ஸ்லெட்டை வாங்கியது. 2017இல் ஆஸ்பென் நகரில் நடந்த எக்ஸ் கேம்ஸ் போட்டிகளில் ஸ்னோ பைக் பந்தயம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. கனடாவின் பிராக் ஹோயர் தங்கம் வென்றார்.

மாற்றும் முறை

முன் சக்கரம் இருந்த இடத்தில் ஃபோர்க்கின் அடியில் சறுக்குப் பலகை பொருத்தப்படுகிறது. பின் சக்கரத்தையும் அதைத் தாங்கும் ஸ்விங்ஆர்மையும் கழற்றிவிட்டு, அதே இடத்தில் பட்டையும் அதிர்வு தாங்கியும் கொண்ட சட்டகம் இணைக்கப்படுகிறது. இயந்திரத்தின் ஆற்றல் சங்கிலி வழியாகப் பட்டைக்குச் செல்கிறது. பனிக்காலம் முடிந்ததும் சக்கரங்களை மீண்டும் மாட்டிக்கொள்ளலாம். ஒரே வண்டியை ஆண்டு முழுவதும் பயன்படுத்தலாம் என்பது இதன் முதன்மையான ஈர்ப்பு.

இரண்டையும் ஓட்டும்போது

மலைகளில் ஓட்டும் இன்றைய பனி ஊர்தி எரிபொருள் இல்லாமலே 200 கிலோ அளவுக்கு எடையுள்ளது. 850 சிசி இரு வீச்சு இயந்திரம் சுமார் 165 குதிரைத்திறன் தரும். பட்டை ஏறத்தாழ 15 அங்குல அகலமும் 155 அங்குலம் அல்லது அதற்கு மேற்பட்ட சுற்று நீளமும் கொண்டது. 450 சிசி டர்ட் பைக்கின் இயந்திரம் 50 முதல் 60 குதிரைத்திறன் தரும். ஸ்னோ பைக்கின் மொத்த எடை பனி ஊர்தியைவிடக் குறைவு. அதன் பட்டையும் ஒடுக்கமானது; சுற்று நீளம் பெரும்பாலும் 120 முதல் 137 அங்குலம் வரை.

மலைச்சரிவில் குறுக்காகச் செல்லும்போது வேறுபாடு நன்கு தெரியும். பனி ஊர்தியை ஓட்டுபவர் ஒரு பக்கத்தில் நின்று, தன் உடல் எடையால் வண்டியை மலைப்பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். இதற்குப் பல ஆண்டுப் பயிற்சி தேவை. ஸ்னோ பைக் சைக்கிளைப் போலத் தானே சாய்ந்து திரும்பும். நெருக்கமான மரங்களுக்கு இடையிலும் அதை எளிதாக வளைத்து ஓட்டலாம். டர்ட் பைக் ஓட்டிப் பழகியவர் ஒரே நாளில் இதைக் கற்றுக்கொள்ள முடியும்.

திறந்த செங்குத்துச் சரிவில் நிலைமை தலைகீழாகும். உயரம் கூடக் கூடக் காற்றில் ஆக்சிஜன் குறைவதால் 3,000 மீட்டர் உயரத்தில் சாதாரண இயந்திரம் தன் ஆற்றலில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை இழக்கும். 165 குதிரைத்திறன் உள்ள ஊர்திக்கு அப்போதும் போதிய ஆற்றல் மிஞ்சும். 55 குதிரைத்திறன் உள்ள பைக்கிடம் 40கூட மிஞ்சாது. பனி ஊர்தியில் கியர் இல்லாத ஸ்கூட்டரைப் போல பெல்ட் வழியாக வேக விகிதம் தானாக மாறுகிறது. பைக்கில் கிளட்சையும் கியரையும் ஓட்டுநரே மாற்ற வேண்டும். ஆழமான பனியில் தவறான கியரில் சிக்கினால் வண்டி நின்றுவிடும். பின்னோக்கிச் செல்லும் வசதியும் பைக்கில் இல்லை. இறுகிய பனிப்பாதையில் இரண்டு பலகைகள் உள்ள பனி ஊர்தி உறுதியாக ஓடும். ஒரே பலகையில் ஓடும் பைக் தள்ளாடும்.

கடுங்குளிரில் டர்ட் பைக்கின் இயந்திரம் போதிய சூடு பெறாமல் போகலாம் என்பதால் தெர்மோஸ்டாட்டும் இயந்திர உறையும் பொருத்த வேண்டியிருக்கும். பனி ஊர்தியோ பட்டை வாரி இறைக்கும் பனியைக் கொண்டே தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. எனவே வெறும் பனிக்கட்டி மீது நெடுந்தூரம் ஓட்டினால் அது அளவுக்கு மீறிச் சூடாகும்.

ஆபத்தும் சட்டமும்

மனிதர் எளிதில் செல்ல முடியாத இடங்களுக்கு இயந்திரம் கொண்டுசெல்வதால் பனிச்சரிவு ஆபத்தும் கூடவே வருகிறது. 2010 மார்ச்சில் கனடாவின் ரெவல்ஸ்டோக் அருகே பனி ஊர்தி ஓட்டுநர்கள் திரண்டிருந்த மலையில் ஏற்பட்ட பனிச்சரிவில் இருவர் இறந்தனர், பலர் காயமடைந்தனர். எடை குறைவு என்பதால் ஸ்னோ பைக் பாதுகாப்பானது என எண்ணக் கூடாது. சறுக்கி வருபவர் ஒருவரின் எடையே சில வேளைகளில் பனிச்சரிவைத் தூண்டப் போதுமானது. இடங்காட்டும் கருவி, மண்வாரி, துழாவுகோல் ஆகிய மூன்றும் இரு வகை ஓட்டுநருக்கும் கட்டாயத் தேவை.

சக்கரம் கழற்றிய மோட்டார் சைக்கிளை எந்த வகையில் சேர்ப்பது என்னும் சட்டக் கேள்வியும் எழுந்தது. அமெரிக்க வனத்துறையின் 2015ஆம் ஆண்டு விதி, பனியில் செல்ல வடிவமைக்கப்பட்டு, பட்டை அல்லது சறுக்குப் பலகை மீது ஓடும் மோட்டார் வாகனங்களைப் பனிமேல் ஊர்திகள் என வரையறுத்து, அவை செல்லத்தக்க இடங்களை அதிகாரிகள் குறிக்க வேண்டும் என்றது. அந்த வரையறையில் சறுக்குப் பலகைகளின் எண்ணிக்கை கூறப்படவில்லை.

முடிவுரை

ஸ்னோ பைக் பனி ஊர்தியின் இடத்தைப் பிடித்துவிடும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. மரங்களிடையே ஒருவர் தனியே வளைந்து நெளிந்து செல்லப் பைக்குக்கு நிகரில்லை. ஆனால் அதில் இரண்டாவது ஆளுக்கு இடமில்லை; சறுக்கு வண்டியைப் பின்னால் கட்டி இழுக்கவும் அது ஏற்றதன்று. மலையில் ஒருவர் கால் முறிந்து கிடந்தால் அவரைக் கீழே கொண்டுவர இன்றும் பனி ஊர்தியே அனுப்பப்படுகிறது. 1934இல் வால்கோர்ட்டில் இல்லாமல் போனது அத்தகைய ஒரு வண்டிதான். எனவே இவ்விரண்டையும் ஒப்பிடுபவர், எது வேகமாக ஓடும் என்பதோடு, எது யாரைச் சுமக்கும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.