வியன்னாவில் பிறந்த சமநிலைச் சோதனை
வியன்னாவின் காது மருத்துவர் ராபர்ட் பாரானி, நோயாளியின் காதைக் கழுவும் நீர் குளிர்ந்திருந்தால் கண்கள் ஒரு திசையிலும், சூடாக இருந்தால் எதிர்த்திசையிலும் துடிப்பதைக் கவனித்து, உட்செவியின் அரைவட்டக் குழல்களிலுள்ள திரவம் வெப்ப வேறுபாட்டால் நகர்வதே காரணம் என விளக்கினார். இத்துறை ஆய்வுகளுக்காக 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அவர் முதல் உலகப் போரில் பிடிபட்டு ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். அதே போரில் பிரான்சில் பணியாற்றிய நரம்பியலாளர் கோர்டன் ஹோம்ஸ், சிறுமூளையில் குண்டடிபட்ட வீரர்களை ஆராய்ந்து, காயம்பட்ட பக்கம் நோக்கும்போது கண்கள் நிலைகொள்ளாமல் துடிப்பதையும், அப்பக்கத்துக் கைகால்கள் தடுமாறுவதையும் 1917இல் பதிவு செய்தார். இவ்விரு மரபுகளும் காதில் குளிர்ந்த அல்லது சூடான நீர் விடும் இன்றைய சமநிலைச் சோதனையில் இணைகின்றன: அந்நீரால் எழும் கண்துடிப்பு, ஒரு புள்ளியை உற்றுநோக்கியும் அடங்காவிட்டால், அதை அடக்கவேண்டிய சிறுமூளை பழுதுபட்டிருக்கலாம் என மருத்துவர் ஐயுறுகிறார்.