முரல் மீனும் வாழைமர வேலியும்

மீன்பிடித்தலைக் கருவாகக் கொண்ட திரைப்படங்கள் அனைத்திற்கும் பொதுவான இடர்ப்பாடு ஒன்று உண்டு. மீனுக்கு நடிக்கத் தெரியாது. நீருக்குள் இருக்கும்வரை அது கேமராவின் கண்ணுக்கு அகப்படாது. கரைக்கு வந்துவிட்டாலோ சில நிமிடங்களில் அதன் கதை முடிந்துவிடும். ஆகவே திரையில் நாம் காணும் மீன் வேட்டை பெரும்பாலும் படத்தொகுப்பு மேசையில் நிகழ்ந்த வேட்டையே ஆகும்.

1992-இல் ராபர்ட் ரெட்ஃபோர்டு இயக்கிய 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' இதற்கு நல்ல சான்று. கொக்கியில் இறகையும் நூலையும் பூச்சிபோல் கட்டி, நீண்ட தூண்டில் கயிற்றைக் காற்றில் வளைத்து வீசும் கலையை உலகெங்கும் அறியச் செய்த படம் அது. பிராட் பிட்டின் கைவண்ணம் என்று நாம் வியக்கும் மிக அழகிய வீச்சு, அவருக்கு மாற்றாக நின்ற ஜேசன் போர்கர் என்பவருடையது. மூல நூலில் வரும் ஆறு பிளாக்ஃபுட். படத்தில் பெரிதும் ஓடுவது கேலட்டின். 1934-இல் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி எடுத்த 'மேன் ஆஃப் ஆரன்' ஆவணப்படமாகவே போற்றப்பட்டது. ஆயினும் அயர்லாந்துக்கு அருகிலுள்ள அத்தீவு மக்கள் சுறா வேட்டையைக் கைவிட்டு நெடுங்காலம் ஆகியிருந்தது. படத்துக்காகவே அவர்கள் எறியீட்டியைப் பிடிக்கப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. நம் பக்கத்தில் ராமு காரியாட்டின் 'செம்மீன்' (1965) இருக்கிறது. ஏற்காட்டில் பிறந்த மார்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு செய்த அப்படத்தில் பழனி தனியே கடலுக்குச் சென்று சுறாவைத் தூண்டிலில் மாட்டுகிறான். அச்சுறாவே அவனைச் சுழலுக்குள் இழுத்துச் செல்கிறது.

இவ்வரிசையில் சிங்கப்பூருக்கும் ஓர் இடம் உண்டென்பதை நம் ஆசிரியர்களுள் சிலரே அறிவர். 1960களின் தொடக்கத்தில் ஓமார் ரோஜிக் இயக்கத்தில் ஷா சகோதரர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் நிறுவனம் 'சிங்கப்பூரா டிலாங்கார் தோடாக்' என்னும் படத்தை எடுத்தது. சிங்கப்பூரை மீன்கள் தாக்கிய கதை என்று தலைப்பைப் பெயர்க்கலாம். இதில் மனிதன் மீனைத் தேடிச் செல்வதில்லை, மீன்தான் மனிதனைத் தேடி வருகிறது!

கதை 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் வரலாற்றேட்டில் உள்ளது. பாடுகா ஸ்ரீ மகாராஜா என்னும் மன்னன் காலத்தில் தோடாக் மீன்கள் கூட்டங்கூட்டமாகக் கடற்கரையில் பாய்ந்து மக்களைக் குத்திக் கொன்றனவாம். மன்னன் தன் ஆட்களை வரிசையாக நிறுத்தி, அவர்களுடைய கால்களையே அரணாக்கினான். பிணங்கள் குவிந்தன. அப்போது ஒரு சிறுவன், மனிதக் கால்களுக்குப் பதிலாக வாழைமரங்களை வேலியாக நடலாமே என்றான். அவ்வாறே செய்தனர், பாய்ந்த மீன்களின் கூர்மூக்குகள் வாழையில் செருகிக்கொண்டன. மக்கள் பிழைத்தனர்.

தோடாக் என்பதை ஆங்கில நூல்கள் வாள்மீன் என்றே பெயர்த்துவிட்டன. உண்மையில் அது நம் மீனவர் முரல் என்றழைக்கும் இனத்தைச் சார்ந்தது. ஊசிபோல் நீண்ட மூக்குடைய இம்மீன் இரவில் விளக்கொளியைக் கண்டால் நீரைவிட்டுத் துள்ளும். படகில் இருந்தோரைக் குத்திக் காயப்படுத்திய நிகழ்ச்சிகள் மெய்யாகவே உண்டு. எனவே கதையின் வேரில் மீனவர் அனுபவம் ஏதோ ஒன்று இருந்திருக்கும் என்பது என் எண்ணம். (முரலின் முள் பச்சை நிறமாக இருக்கும். பிள்ளைகளிடம் சொன்னால் முதலில் நம்பமாட்டார்கள். தேக்கா சந்தையில் அம்மீன் கிடைக்கும் நாளில் பெற்றோர் வாங்கிக் காட்டலாம்.)

படம் உருவான இடம் நமக்கு மிக அருகில்தான். சிராங்கூன் சாலையிலிருந்து பாலஸ்டியர் சாலைக்குள் திரும்பிச் சென்றால் வரும் ஜாலான் அம்பாஸில் 1967 வரை அந்தப் படப்பிடிப்பு நிலையம் இயங்கியது. போருக்குப் பின் அங்கு மலாய்ப் படங்களை இயக்கத் தொடங்கியோர் பெரும்பாலும் இந்தியர்களே. 1947-இல் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் 'சிங்கப்பூரா டி வக்து மாலாம்' படத்தை இயக்கினார். சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் 1950-இல் இயக்கிய 'பக்தி' படத்தில்தான் பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்தார். எஸ். ராமநாதன், ஃபணி மஜும்தார் முதலியோரும் அங்குப் பணியாற்றினர். இந்தியாவிலிருந்து நேரே வந்த இயக்குநர்கள் பலருக்கு மலாய்மொழி வராது. கதையையும் உரையாடலையும் பிறர் மலாயில் பெயர்த்துத் தந்தனர். பாட்டும் நாட்டியமும் கண்ணீரும் கலந்த சென்னை, பம்பாய்ப் பாணி மலாய்த் திரைக்குள் நுழைந்தது இவ்வழியேதான்.

இந்நிலை நீடிக்கவில்லை, நீடித்திருக்கவும் கூடாது. தங்கள் கதைகளைத் தாங்களே இயக்க வேண்டும் என மலாய்க் கலைஞர்கள் விரும்பியதில் முழு நியாயம் உண்டு. 1955-இல் ரம்லி 'பெனாரெக் பெச்சா' வழியாக இயக்குநரானார். 1957-இல் அந்நிலையத்துக் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சில ஆண்டுகளில் மலாய்த் தொன்மக் கதையை மலாய் இயக்குநர் ஒருவரே படமாக்கும் காலம் வந்துவிட்டது. தோடாக் படத்தை இந்தக் கைமாற்றத்தின் சான்றாகவே நான் மதிக்கிறேன். கணினி வரைகலை இல்லாத அக்காலத்தில் பாயும் மீன் கூட்டத்தைக் காட்ட அவர்களிடம் இருந்தவை கடல், கூட்டம், பொம்மை, கத்தரிக்கோல் ஆகியவையே. இன்றைய மாணவர் பார்த்தால் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும், பிறகு, நீங்களாக இருந்தால் எப்படி எடுப்பீர்கள் என்று அவர்களிடமே கேட்கலாம்.

என் கவலை வேறொன்று. சிறுவர் நூல்கள் சிலவற்றில் இக்கதை வாழைமர வேலியோடு நின்றுவிடுகிறது. ஏட்டில் அப்படி இல்லை. இச்சிறுவன் வளர்ந்தால் நமக்கே ஆபத்து என்று அவையோர் கூற, மன்னன் அவனைக் கொல்விக்கிறான். பிற்கால வழக்கு அவனுக்கு ஹங் நாடிம் என்று பெயரிட்டு, அவன் குருதி வழிந்து சிவந்ததே புக்கிட் மேரா என்கிறது. ரெட்ஹில் நிலையத்தில் நாள்தோறும் இறங்கும் பிள்ளைகளுக்கு அப்பெயரின் காரணத்தைப் பாதியில் மறைப்பது எனக்கு உடன்பாடன்று. தொடக்கநிலை மூன்றிலேயே நான் முழுக்கதையையும் சொல்கிறேன். 'நல்லது சொன்னவனை ஏன் கொன்றார்கள்?' என்ற கேள்வி எழாத ஆண்டே இல்லை. விடையை நான் தருவதில்லை. ஏட்டைப் பார்க்கச் சொல்கிறேன். சிறுவனின் இரத்தப்பழி நகரின்மேல் விழுந்தது என்று அது கூறுகிறது. அடுத்த மன்னன் காலத்தில் சிங்கப்பூர் மாஜாபாகித்திடம் வீழ்கிறது. பாடத்தை அதுவரை கொண்டுசெல்ல இரண்டு பாடவேளைகள் போதும்.