காயம் ஆறும் நுண்சில்லுகள்

1962 யூலை 9ஆம் நாள் பசுபிக் சமுத்திரத்தின் மேலே, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில், ஐக்கிய அமெரிக்கா ஓர் அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. மறுநாள் டெல்ஸ்ரார் என்னும் செய்மதி ஏவப்பட்டது. அத்திலாந்திக்கின் இரு கரைகளையும் தொலைக்காட்சியால் இணைத்துப் புகழ்பெற்ற அச்செய்மதி, நவம்பரில் கட்டளைகளை ஏற்காதொழிந்தது. குண்டுவெடிப்பு விண்வெளியில் விட்டுச்சென்ற இலத்திரன்கள் அதன் திரான்சிஸ்ரர்களைத் தாக்கியிருந்தன. பெல் ஆய்வுகூடப் பொறியியலாளர் மின்னழுத்தத்தை நீக்கி அவற்றுக்கு ஓய்வளித்தனர். 1963 சனவரியில் செய்மதி மீண்டும் பணிபுரிந்தது. அடுத்த மாதமே அது ஓய்ந்துவிட்டபோதிலும், கதிர்வீச்சின் காயங்களுள் சில ஆறக்கூடியவை என்பது தெளிவாயிற்று.

வியாழக் கோளைச் சூழ்ந்த கதிர்வீச்சு இதனினும் கொடியது. 1973இல் அங்கு சென்ற பயனியர் 10 விண்கலம் அதனை அளந்து காட்டியது. ஆகவே, 1989இல் புறப்பட்ட கலிலியோ விண்கலத்துக்கெனச் சாண்டியா ஆய்வுகூடம் கதிர்வீச்சைத் தாங்கும் நுண்சில்லுகளைத் தனியே செய்தளித்தது. ஆயினும் 2002 நவம்பரில் அமல்தியா என்னும் சிறுசந்திரனைக் கடந்தபின், கலத்தின் பதிவுநாடாக் கருவி அசைய மறுத்தது. அதிலிருந்த சிறு ஒளியுமிழ் பாகமொன்றின் படிகத்தில் அணுக்கள் இடம்பெயர்ந்திருந்தன. அதனூடாகப் பல மணிநேரம் மின்னோட்டத்தைச் செலுத்தியபோது, அணுக்கள் பல தத்தம் இடத்துக்குத் திரும்பின. கருவி இயங்கியது, அமல்தியாவில் திரட்டிய தரவுகள் பூமியை வந்தடைந்தன.

இத்தகைய காயம் ஆறுவதற்கு வெம்மை வேண்டும். கடுங்குளிரில் அது ஆறுவதரிது. யூனோ விண்கலத்தின் முதன்மை இலத்திரனியற் பகுதிகள் தைத்தேனியப் பெட்டகத்துள் வைக்கப்பட்டன. அதன் கமராவோ வெளியே இருந்தது. கதிர்வீச்சினால் அதன் படங்கள் சிதைந்தபோது, 2023 டிசம்பரில் பொறியியலாளர் கமராவை வழமைக்கு மிஞ்சிச் சூடாக்கினர். அம்மாதம் 30ஆம் நாள் அயோ சந்திரனைக் கலம் நெருங்கியபோது தெளிந்த படங்கள் கிடைத்தன.

2024 மே மாதத்தில் இப்பாடம் பெருந்துணையாயிற்று. யூரோப்பா கிளிப்பர் விண்கலம் ஏறத்தாழ முழுமையாகப் பூட்டப்பட்டிருந்த வேளையில், அதன் திரான்சிஸ்ரர்கள் எதிர்பார்த்த அளவு கதிர்வீச்சைத் தாங்கா எனத் தெரியவந்தது. அவற்றைக் கழற்றி மாற்றுவதாயின் பயணமே தள்ளிப்போகும். நான்கு மாதங்கள் இரவுபகலாகச் சோதித்தனர். கலம் 21 நாட்களுக்கு ஒருமுறை, ஏறத்தாழ ஒரு நாள் மட்டுமே கடுங்கதிர்வீச்சினுள் மூழ்கும்; எஞ்சிய நாட்களில் திரான்சிஸ்ரர்கள் தேறும். அத்தேறுதல் முழுமையானதன்று, எனினும் பணியை முடிக்க அது போதும் எனக் கணித்தே, 2024 ஒக்டோபர் 14ஆம் நாள் கலத்தை ஏவினர்.