கர்ப்பகால உபாதைகள்: எதைச் சமாளிக்கலாம், எதை உடனே சொல்ல வேண்டும்?

கிளினிக் வாங்கில் முறை வரும்வரை காத்திருக்கும் தாய்மார் தங்களுக்குள் பேசிக்கொள்வது பெரும்பாலும் உபாதைகளைப் பற்றித்தான். காலைச் சத்தி, நெஞ்செரிவு, மலச்சிக்கல், நடுச்சாமத்தில் பிடித்து இழுக்கும் கெண்டைக்கால். உள்ளே போனதும் "ஏதும் பிரச்சினை இருக்கா?" என்ற கேள்விக்கு "ஒண்டும் இல்லை மிஸ்" என்று பதில் வருகிறது. பிள்ளைத்தாச்சி என்றால் இதெல்லாம் இருக்கும்தான் என்று வீட்டில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. இலகுவாகக் குறைக்கக்கூடிய தொல்லையை மாதக்கணக்கில் சுமப்பது இதனால் வரும் ஒரு நட்டம். உண்மையான ஆபத்து அறிகுறியும் அதே "இருக்கும்தான்" என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்வது அதைவிடப் பெரியது.

குமட்டலும் சத்தியும் அநேகமாக 6ஆவது வாரமளவில் தொடங்கி, பலருக்கு 16ஆவது வாரத்துக்குள் தணியும். வெறுவயிறு குமட்டலைக் கூட்டும். ஆகவே தலைமாட்டில் இரண்டு கிறீம் கிறாக்கர் பிஸ்கட்டை வைத்திருந்து, எழும்ப முன்னரே ஒன்றைக் கடிப்பது நல்லது. மூன்று வேளை வயிறு நிறையச் சாப்பிடாமல் அதை ஆறு தடவையாகப் பிரிக்கலாம். தாளிக்கும் மணம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆறிய உணவு இலகுவாக இறங்கும். இஞ்சி அவித்த தண்ணீரும் பலருக்குக் கைகொடுக்கும். குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை, சிறுநீர் கடும் மஞ்சளாகிக் குறைந்துவிட்டது, நிறை இறங்குகிறது என்றால் அது வெறும் மசக்கை அல்ல. சேலைன் ஏற்ற வேண்டியும் வரலாம். அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கிளினிக்கில் கிடைக்கும் இரும்புச்சத்துக் குளிசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பலர் ஒருவருக்கும் சொல்லாமல் அலுமாரியில் ஒதுக்கி வைப்பது இதைத்தான். குமட்டுகிறது, மலம் இறுகுகிறது, கறுப்பாகப் போகிறது என்பவை அவர்கள் சொல்லும் காரணங்கள். இந்தக் குளிசை குடிக்கும்போது மலம் கறுப்பது வழமை, அதற்குப் பயப்படத் தேவையில்லை. குமட்டினால் இரவு படுக்கப் போகும்போது குடித்துப் பார்க்கலாம். அப்படியும் முடியாவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், நேரத்தையோ குளிசையையோ மாற்ற வழி இருக்கும். சத்தமில்லாமல் நிறுத்தினால் இரத்தச்சோகையோடு பிரசவ அறைக்குப் போக நேரும்.

அடுத்தது தேநீர். விடிந்தால் பிளேன்டீ, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் பால் தேநீர் என்று வாழும் நாடு இது. தேயிலையிலுள்ள சில பதார்த்தங்கள் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். குளிசைக்கும் சாப்பாட்டுக்கும் முன்பின் ஒரு மணித்தியாலமாவது தேநீரைத் தள்ளி வைக்க வேண்டும். கல்சியம் குளிசையையும் பாலையும் இதனோடு சேர்க்கக் கூடாது. தேசிக்காய்த் தண்ணீர், கொய்யாப்பழம், தோடம்பழம் போன்றவற்றோடு எடுத்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, பயறு, சிவப்பரிசி, பின்னேர நடை ஆகியவையே முதல் மருந்து. பப்பாசி என்றாலே பதறுகிறோம். தவிர்க்க வேண்டியவை காயும் செங்காயும்தான். நன்கு பழுத்த பழத்துக்கு அந்தத் தடை கிடையாது.

நெஞ்செரிவுக்குக் காரணம், கர்ப்பகால ஓமோன்கள் இரைப்பையின் மேல்வாயைத் தளர்த்துவதும், வளரும் கருப்பை இரைப்பையை மேலே தள்ளுவதும். இராச்சாப்பாட்டைக் குறைத்து, சாப்பிட்டு இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்து, தலைப்பக்கத்தை உயர்த்திப் படுத்தால் பாதித் தொல்லை குறையும். 28ஆவது வாரத்தின் பின் மல்லாந்து தூங்காமல் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை வைத்தால் இடுப்பு வலியும் குறையும். கெண்டைக்கால் இழுத்தால் காலை நீட்டிப் பாதத்தை முகத்தை நோக்கி மடக்குங்கள், பிடிப்பு விடும். ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, வலி மாறாமலிருந்தால் இரத்தக் கட்டியாக இருக்கலாம். அதை உருவக் கூடாது, வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பின்னேரங்களில் இரண்டு பாதங்களும் வீங்குவது பொதுவானது, காலை உயர்த்தி வைத்தால் வற்றும். ஆனால் மலைச்சரிவில் நின்று கொழுந்து பறிப்பவருக்கும் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கும் "காலை நீட்டி ஓய்வெடுங்கள்" என்று சொல்வது எழுதுகிற எங்களுக்குச் சுலபம். மலசலகூடம் தூரம் என்பதற்காகத் தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் கூடும். இது அந்தப் பெண் மட்டும் தீர்க்கக்கூடிய விடயமல்ல, வேலை வாங்குபவரும் இடைவேளை கொடுக்க வேண்டும்.

முகமும் கைகளும் திடீரென வீங்கி, கடுமையான தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்று ஏதேனும் சேர்ந்தால் கதை வேறு. பொதுவாக 20ஆவது வாரத்தின் பின் வரும் உயர் குருதியமுக்க நோயின் அடையாளம் அது. தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்தாகலாம். பனடோல் போட்டுக்கொண்டு விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது. உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் கடுமையாகச் சொறிந்தால் ஈரல் தொடர்பான சிக்கலாக இருக்கலாம், இரத்தப் பரிசோதனை வேண்டும். குருதி படுதல், நீர் உடைதல், காய்ச்சல், வலிப்பு, பிள்ளைத் துடிப்புக் குறைதல் எதற்கும் அடுத்த கிளினிக் நாளுக்காகக் காத்திருக்க முடியாது.

சாதாரண தலையிடிக்கு அளவோடு பரசிற்றமோல் எடுக்கலாம். ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளைப் பார்மசியில் கேட்டு வாங்க வேண்டாம். இரவில் வாகனம் இல்லையென்றால் சுவசெரிய இலவச அம்புலன்சுக்கு 1990ஐ அழைக்கலாம். கர்ப்பகாலப் பதிவேட்டை வாசலுக்குக் கிட்ட, வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வைத்திருங்கள்.