ஒரு பெயர், இரண்டு கோப்புறைகள்: ஓகாரக் குறியின் கணினி வரலாறு

கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டப்புறங்களில் வாழ்ந்த முதியோரின் பேச்சைப் பல ஆண்டுகள் ஒலிப்பதிவு செய்துவந்தேன். பதிவுகளும் அவற்றுக்குரிய குறிப்புகளும் இரண்டு கணினிகளில் இருந்தன. என் வீட்டில் இருந்தது ஆப்பிள் கணினி. பிரிக்பீல்ட்ஸில் எனக்குத் துணையாகப் பணியாற்றிய மாணவரிடம் இருந்தது விண்டோஸ் கணினி. ஒன்றில் செய்யும் திருத்தம் மற்றதிலும் தானே பதியும்படி ஓர் ஒத்திசைவு மென்பொருள் இடையில் இயங்கியது. 2017ஆம் ஆண்டின் இறுதியில் ஆப்பிள் கணினியின் இயங்குதளத்தைப் புதிய பெரும்பதிப்புக்கு மாற்றினேன். சில நாள்களுக்குப் பின் மாணவர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, இங்கே கோலாலம்பூர் இரண்டாக இருக்கிறது" என்றார்.

அவர் திரையில் 'கோலாலம்பூர்' என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. 'தோட்டச் சொற்கள்' என்பதும் இரண்டு. ஆனால் 'கிள்ளான்' ஒன்றே, 'பிரிக்பீல்ட்ஸ்' ஒன்றே. ஒரே பெயரில் ஒரே இடத்தில் இரண்டு கோப்புறைகள் இருக்க முடியாது என்பது கணினியின் அடிப்படை விதி. எனவே ஒன்று பழுதான நகல் என்று கருதி, மாணவர் இரண்டாவது 'தோட்டச் சொற்க'ளை நீக்கினார். ஒத்திசைவு மென்பொருள் தன் கடமையை உடனே செய்தது. நீக்கம் என் கணினிக்கும் வந்து சேர்ந்தது. மாணவரை நான் குறை கூறவில்லை. அவ்விடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

அவ்விரு பெயர்களும் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. 'கோலாலம்பூர்' என்பதை ஓகாரக் குறி ஒன்றாக நிற்கும்படி எழுதினால் 11 குறியெண்கள். அதே குறியை இரட்டைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்து எழுதினால் 12. இன்று பரவலாக வழங்கும் யு.டி.எப்.-8 முறையில் முதலாவது 33 பைட்டுகள், இரண்டாவது 36. திரையிலோ அச்சிலோ எந்த வேறுபாடும் தெரியாது. 'கிள்ளான்' என்னும் சொல்லில் ஒகரமும் இல்லை, ஓகாரமும் இல்லை, ஔகாரமும் இல்லை. ஆகவே அது தப்பியது. தமிழ் நெடுங்கணக்கின் 247 எழுத்துகளில் இவ்வாறு இருவகையாய்ப் பதியக்கூடியவை 55: ஔ என்னும் உயிரும், ஒ, ஓ, ஔ ஆகியவற்றோடு சேர்ந்த 54 உயிர்மெய்களும்.

இலக்கணத்தில் இதற்கு இடமே இல்லை. தொல்காப்பியருக்கு ஓ ஓர் உயிர். கோ ஓர் உயிர்மெய். கொம்பும் காலும் ஒலியின் உறுப்புகள் அல்ல, வரிவடிவத்தின் உறுப்புகள் மட்டுமே. நெடிலுக்கு இரட்டைக்கொம்பு என்னும் இன்றைய வழக்கைக்கூட 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவரோடு இணைத்துச் சொல்வதே மரபு. அதற்கு முந்திய சுவடிகளில் கொ, கோ இரண்டும் பெரும்பாலும் ஒரே வடிவில் நிற்கும். படிப்பவர்தாம் இடம் நோக்கிக் குறிலா நெடிலா என்று தெளிய வேண்டும். அன்று ஒரு வடிவத்துக்கு இரண்டு ஒலிகள். இன்று ஓர் எழுத்துக்கு இரண்டு பதிவுகள்.

வரிவடிவத்தை உறுப்புறுப்பாகப் பிரிக்கும் பழக்கத்தை உறுதிப்படுத்தியது தட்டச்சுப்பொறி. கோ என்று அடிக்க முதலில் கொம்பு, அடுத்துக் ககரம், பிறகு கால். தாளில் இடமிருந்து வலமாக எது முன்னே தெரிகிறதோ அதுவே முன்னே அடிக்கப்படும். தொடக்கக் காலக் கணினி எழுத்துருக்களும் இவ்வழியையே பின்பற்றின. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 முதல் வளர்த்தெடுத்த முரசு மென்பொருளை நம் ஆசிரியர்கள் அறிவார்கள். ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்ற இணைமதி எழுத்துருவும் அவர் வடிவமைத்ததே. அக்காலத்தில் எழுத்துரு ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியேற்றம் இருந்தது. ஒருவர் அனுப்பிய மடல் இன்னொருவரின் திரையில் பொருளற்ற குறிகளாய் விழுந்தது. அதைத் தீர்க்கவே இணைய வழி விவாதங்களில் திஸ்கி பிறந்தது; 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டில் தாப், தாம் என்னும் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் முன்வைக்கப்பட்டன.

யூனிகோடு வேறு வழியில் வந்தது. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பு, இந்திய மொழிகளுக்கென 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி தரத்தை அடியொற்றியது. எழுத்துகள் கண்ணில் படும் வரிசையில் அன்றி ஒலிக்கும் வரிசையில் அதில் பதியும்: முதலில் மெய், பின்னர் உயிர்க்குறி. ஓகாரக் குறிக்கு ஒரே குறியெண்ணும் தரப்பட்டது. மொழியியலாருக்கு நிறைவளிக்கும் முடிவு அது. ஆனால் அதே தரம், அக்குறியை இரட்டைக்கொம்பும் காலுமாகப் பிரித்து எழுதினாலும் செல்லும் என்று ஏற்றது. இரண்டும் சமம் என்று விதித்தது. அச்சமன்பாட்டை நடைமுறைப்படுத்தும் பொறுப்பை மென்பொருள் எழுதுவோரிடம் விட்டது. எல்லாப் பிணக்கும் இங்கேதான் தொடங்குகிறது.

2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. யூனிகோட்டுக்கு மாறுவதா, தமிழின் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கேட்டுப் போராடுவதா என்பது அன்றைய தமிழ்க் கணிமையின் பெருங்கேள்வி. இரண்டாம் தரப்பின் கோரிக்கை பிற்காலத்தில் 'டேஸ் 16' என்று வடிவம் பெற்றது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோட்டோடு அதையும் தரமாக ஏற்று ஆணையிட்டது. அம்முறையில் கோ என்பது ஒரே குறியெண். என் கோப்புறை இரண்டாகியிருக்காது. எனினும் உலகின் இயங்குதளங்கள் யூனிகோட்டில் நிலைபெற்றுவிட்ட நிலையில், தனிவழி நம்மைத் தீவாக்கியிருக்கும் என்பதே என் கருத்து. இதில் என்னோடு உடன்படாத நண்பர்கள் உண்டு.

இனி 2017க்கு வருவோம். ஆப்பிள் நிறுவனம் 1998இல் அறிமுகப்படுத்திய எச்.எப்.எஸ். பிளஸ் என்னும் கோப்பு முறைமை, கோப்பின் பெயரைப் பதியும்போதே இத்தகைய குறிகளைப் பிரித்துவிடும். நாம் ஒன்றாக எழுதிய ஓகாரம் வட்டில் இரண்டாகவே இருக்கும். விண்டோஸ் முறைமை எதையும் பிரிக்காது, சேர்க்காது; கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்திருக்கும். இவ்விரண்டுக்கும் இடையே நின்ற ஒத்திசைவு மென்பொருள்கள், ஆப்பிளிலிருந்து வரும் பெயர் எப்போதும் பிரிந்தே வரும் என்று எண்ணி இயங்க முடிந்தது. 2017இல் கணினிகளுக்கு வந்த ஏ.பி.எப்.எஸ். என்னும் புதிய முறைமையோ பெயரைப் பிரிக்காமல் கொடுத்தபடியே பதிகிறது. பழைய பெயர்கள் பிரிந்தவையாகவும் புதியவை சேர்ந்தவையாகவும் ஒரே வட்டில் கலந்தன. பெயரைப் பைட்டு பைட்டாக ஒப்பிடும் மென்பொருளுக்குப் பழைய கோலாலம்பூர் ஓர் ஊர், புதிய கோலாலம்பூர் வேறோர் ஊர்.

நல்ல மென்பொருள்கள் ஒப்பிடுவதற்கு முன் பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. அதற்கும் அடங்காத எழுத்தொன்று உண்டு. பிரிக்பீல்ட்ஸில் யாழ்ப்பாணத்தார் எழுப்பிய ஸ்ரீ கந்தசாமி கோயிலின் பெயரை எடுத்துக்கொள்வோம். 'ஸ்ரீ' என்பதை ஸகரத்தில் தொடங்கி எழுதுவது முந்திய வழக்கம். 2005இல் யூனிகோட்டின் 4.1ஆம் பதிப்பு 'ஶ' என்னும் எழுத்தைச் சேர்த்த பிறகு அதிலிருந்து எழுதுவதே முறையாயிற்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாய்த் தோன்றும். ஆனால் இவை சமம் என்று தரம் சொல்வதில்லை; எந்தச் சீராக்கமும் இவற்றை ஒன்றாக்காது. ஆகவே அப்பெயர் ஸ்ரீயால் இரண்டு, கோவால் இரண்டு என நான்கு வகையாய்ப் பதியலாம். கோயிலா கோவிலா என்ற பழைய வழக்கையும் சேர்த்துக்கொண்டால் எட்டு. முருகனுக்குத் திருநாமங்கள் பல என்பது தெரிந்ததே. இவை எட்டும் எந்த நாமாவளியிலும் சேராதவை.

எங்கள் கோப்புறைக்குத் திரும்புகிறேன். நீக்கப்பட்டதில் ஒலிப்பதிவுகள் இல்லை. அவற்றுக்கு வேறு வட்டில் படி இருந்தது. போனவை குறிப்புகள். ரப்பர்த் தோட்டத்தில் இளமை முதல் பால்வெட்டிய மூதாட்டி ஒருவரை இரண்டு முறை சந்தித்தேன். பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால் என்று அவர் சொல்லச் சொல்லப் பதிந்தேன். இரண்டாம் முறை, கருவியை நிறுத்திவிட்டுத் தேநீர் அருந்தும்போது, முதல்நாள் நான் தவறாகப் புரிந்துகொண்ட சில சொற்களைத் திருத்தினார். அத்திருத்தங்களை அன்றிரவே கணினியில் எழுதிவைத்தேன். எஞ்சிய கோப்புறையில் இருப்பது அதற்கு முந்திய படி. அதில் எவை பிழை என்று நினைவுகொள்ள முயன்று, ஐயமுள்ள இடங்களில் எல்லாம் கேள்விக்குறி இட்டிருக்கிறேன். கேட்டுத் தெளிய அம்மூதாட்டி இன்று இல்லை.

அதன்பின் கோப்புகளுக்கு எண்களையே பெயராக இடுகிறேன். எண்ணுக்குரிய தமிழ்ப் பெயர்களின் பட்டியலை ஒரு குறிப்பேட்டில் கையால் எழுதி வைத்திருக்கிறேன். கோலாலம்பூருக்கு எண் 3.