க்ருலே ஊரின் திருமுழுக்கு ஏடுகள்

திருமுழுக்குப் பதிவேட்டை நாம் பெரும்பாலும் சான்றிதழ் எழுதவே திறக்கிறோம். பள்ளிக்கோ திருமணத்திற்கோ ஒரு தாள் தேவைப்படும். பெயரைத் தேடிப் படியெடுத்ததும் ஏடு அலமாரிக்குள் போய்விடும். அதற்குள் ஓர் ஊரே குடியிருக்கிறது என்பதை ஆய்வுலகிற்குக் காட்டியது, பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியிலுள்ள க்ருலே என்னும் சிற்றூர்.

ஞானப்பெற்றோரின் பெயர்களைப் பங்குத்தந்தையர் ஏட்டில் எழுதவேண்டும் என்று திரிதெந்து சங்கம் 1563இல் பணித்தபோது, மக்கள்தொகை பற்றிய எண்ணம் அதற்கு இருக்கவில்லை. ஞான உறவு அன்று திருமணத் தடையாக இருந்தது. (1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் அத்தடை இல்லை.) பிரெஞ்சு அரசு 1539இலேயே திருமுழுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியிருந்தது, 1667இல் ஏட்டை இரு படிகளாக எழுதவும், ஞானப்பெற்றோரிடம் கையொப்பம் பெறவும் ஆணையிட்டது. எழுதத் தெரியாதவராயின் அதையும் குருவானவர் குறித்துவைத்தார்.

லூயி ஆன்றி என்னும் மக்கள்தொகை ஆய்வாளரும் எத்தியேன் கோத்தியேயும் க்ருலே பங்கைப் பற்றிய தம் நூலை 1958இல் வெளியிட்டனர். அதற்குமுன் இத்தகைய ஏடுகளைப் பார்த்தவர்கள், ஆண்டுக்கு இத்தனை பிறப்பு, இத்தனை இறப்பு என்று கூட்டிப் பார்ப்பதே வழக்கம். இவர்கள் ஒவ்வொரு பதிவையும் தனிச் சீட்டில் எழுதி, பெயரோடு பெயரைப் பொருத்தி, குடும்பத்திற்கு ஒரு தாளாக அடுக்கினர். பெற்றோரின் திருமணம், பிள்ளைகளின் திருமுழுக்கு, ஒவ்வொருவரின் அடக்கம் எல்லாம் ஒரே தாளில் வந்து சேர்ந்தன.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் சிறுமியராகவே பெண்கள் மணம் முடித்திருப்பர் என்று நினைத்தவர்களுக்கு வியப்பு காத்திருந்தது. க்ருலே பெண்கள் ஏறத்தாழ 25 வயதில்தான் மணமுடித்தனர். ஒரு குழந்தைக்கும் அடுத்ததற்கும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. பால்குடி மாறாத பிள்ளை இறந்துவிட்டால் அடுத்தது விரைவில் பிறந்தது. தாய்ப்பாலின் ஆற்றலைத் திருமுழுக்குத் தேதிகளிலிருந்தே அறிய முடிந்தது. நால்வரில் அல்லது ஐவரில் ஒரு குழந்தை முதல் ஆண்டு நிறையுமுன் இறந்தது.

நம் நெஞ்சைத் தொடுவது ஏட்டின் மௌனமே. அக்காலத்தில் சிறு குழந்தைகளின் அடக்கத்தை எழுதாமல் விட்ட குருக்கள் பலர். திருமுழுக்கில் ஒரு பெயர் இருக்கும்; பிறகு திருமணத்திலும் இல்லை, அடக்கத்திலும் இல்லை. சில ஆண்டுகள் கழித்து அதே பெற்றோர் அதே பெயரோடு வேறொரு குழந்தையை ஏந்தி வருவர். முன்னது இறந்துவிட்டது என்பதற்குப் பல வேளைகளில் இதுவே சான்று. அக்குருக்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் தண்ணீர் ஊற்றிய கை மண் இட்டதையும் எழுதியிருக்கலாம்.

1792இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு இப்பதிவுப் பொறுப்பை ஊராட்சிகளிடம் ஒப்படைத்தது. அதுவரை குருக்கள் எழுதிய ஏடுகளில் பல, இரு படிகளாக இருந்தமையாலேயே இன்றுவரை எஞ்சியுள்ளன. பழைய ஏடுகளையும் கவனமாகக் காக்கவேண்டும் என்கிறது நம் திருச்சபைச் சட்டம் 535. ஒரே படி மட்டும் உள்ள நம் பங்குகளில், கறையான் தின்ற பக்கத்தை எங்கிருந்து மீட்போம்?